உட்கார இடமில்லாத பீட்சா கடை

பீட்சாக்காரருக்கு விற்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாவு பிசையத் தெரியும், அதைக் காற்றில் சுழற்றி விரிக்கத் தெரியும், அடுப்பின் சூட்டை முகத்தாலேயே அளந்து சொல்லத் தெரியும். ஆனால் தெருவில் போகிற ஒரு மனிதரை நிறுத்தி, "வாங்க, சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. நோட்டீஸ் கொடுக்க நின்றால், கொடுக்கும்போதே "மன்னிச்சிடுங்க" என்பார். வாங்கினவர் முகத்தைச் சுளித்தால் கையோடு திரும்ப வாங்கிக்கொள்வார். இப்படிப்பட்ட ஆள் கடை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

அவருடைய அப்பா ஒரு அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். மகனை ஓரளவு படிக்கவைத்தார். மகனும் ஓரளவுதான் படித்தார். மீசை சரியாக முளைக்காத வயதில், எங்கே பார்த்தாலும் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய பீட்சா கம்பெனியில் தட்டு கழுவுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். கழுவுகிற இடத்திலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து அடுப்புக்கு என்று நகர்ந்து நகர்ந்து பாதி ஆயுள் அங்கேயே போயிற்று. அந்தக் கம்பெனியில் மாவு வட்டம் வட்டமாக உறைந்து பெட்டியில் வரும். பெட்டியைப் பிரி, வட்டத்தை எடு, சாஸ் தடவு, சீஸ் தூவு, உள்ளே தள்ளு, மணி அடித்தால் வெளியே எடு. தலையில் சிவப்புத் தொப்பி போட்டிருக்க வேண்டும்.

"இதுக்கு எதுக்கு ஒரு மனுஷன்?" என்று ஒருநாள் வீட்டில் கேட்டார்.

"சம்பளம் வாங்கறதுக்கு" என்றார் மனைவி.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, யார் வாங்குவார், யார் சும்மா போட்டுப் பார்த்துவிட்டுப் போவார் என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். புருஷன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் விடுமுறை நாளெல்லாம் வீட்டுச் சமையலறையில் மாவுதான். கல் மாதிரி வந்ததை மனைவி தின்றார், கருகியதைத் தின்றார், புளித்துப் போனதை முகம் கோணாமல் தின்றார். ஒருநாள் மாவு சரியாக எழும்பி, ஓரம் பொரிந்து, நடு பஞ்சாக வந்தது. மனைவி இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். மறுவாரமே மனிதர் தொப்பியைக் கழற்றி மேனேஜர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கடை கிடைத்தது சாவி செய்பவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் முழுக் கண்ணாடி, உள்ளே ஆறு மேசை, பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கல் பதித்த அடுப்பு. மத்தியானம் ஆனால் பக்கத்து அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஜனம் கழுத்தில் அட்டை தொங்க அந்தத் தெரு வழியாகத்தான் கூட்டம் கூட்டமாகப் போகும். போகும், அவ்வளவுதான். கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆறு மேசையும் காலியாகக் கிடக்கும். அடுத்த தெரு சாண்ட்விச் கடைக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். பீட்சாக்காரர் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல பீட்சா என்றால் தானாக ஆள் வரும் என்று அவர் நம்பினார். அப்பாவி மனிதர். ஒரு வருஷம் நம்பினார்.

அந்த ஒரு வருஷம் முடிந்தபோது மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "இந்தக் கடையை நான் ஒண்ணும் சொல்லல. நம்ம பாப்பாவுக்கு ஸ்கூல்ல முழுப் பரீட்சை முடியறவரைக்கும் பாருங்க. அதுக்குள்ள எழுந்து நிக்கலன்னா பழைய கம்பெனிக்கே போயிடுங்க. அவங்க இன்னும் கூப்பிட்டுட்டுத்தானே இருக்காங்க" என்றார்.

"சரி" என்றார் பீட்சாக்காரர். அந்தச் சிவப்புத் தொப்பி கண்முன் வந்து நின்றது. சாகிறவரைக்கும் உறைந்த வட்டத்தைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்குக் கசந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

சேதி சொந்தத்துக்குள் பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறவர். பேச ஆரம்பித்தால் குழாயை மூட முடியாது.

"சகலை, இப்ப எல்லாம் போன்லதான். மேப்ல கடைக்கு எத்தனை ஸ்டார்னு பாத்துட்டுத்தான் ஜனங்க வர்றாங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நம்ம ஆளுங்க எல்லாரையும் போடச் சொல்றேன், பாருங்க."

போட்டார்கள். ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து, சொந்தபந்தம் மொத்தமும் வெளுத்து வாங்கியது. பீட்சாவைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. "ரொம்ப அமைதியான பிள்ளை. யார் வம்புக்கும் போகமாட்டார்" என்று எழுதியிருந்தார் ஒரு பெரியம்மா. "பொண்டாட்டியை நல்லா வச்சிருக்கார்" என்று இன்னொருவர். மாமியார் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தார்.

"என்ன அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டதற்கு மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன், ஒண்ணுன்னா முதல் ரேங்க்தானே? மத்தவங்க எல்லாம் அஞ்சாவது ரேங்க் குடுத்திருக்காங்க, அவங்களைக் கேக்கல, என்னை வந்து கேக்கறீங்க!"

அதை எப்படி மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. போன் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர். அவரும் சலவைக் கடைக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்.

பீட்சாக்காரர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியம் அது. ஒரு சின்னப் பெட்டியில் சூடாக ஒரு பீட்சாவை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் புதிதாக வந்திருந்த ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. எப்படியோ நிர்வாகம் பார்க்கிற அம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். கண்டிப்பான ஆள் போலத் தெரிந்தார், ஆனால் ஒரு துண்டை எடுத்துக் கடித்ததும் முகம் மாறியது.

"நீங்களே பிசையறீங்களா?"

"ஆமாம்மா. முந்தின நாளே பிசைஞ்சு வச்சிடுவேன்."

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை எங்க ஆளுங்க எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு ஆபீஸ்ல குடுக்கறோம். நிறைய பேர் இருக்காங்க. ஒரே கடையில பேசி வச்சிக்கலாம்னு பாக்கறோம். ஆனா நான் நேர்ல வந்து கடையைப் பாக்கணும், சமையல் இடத்தைப் பாக்கணும். சொல்லாமத்தான் வருவேன். அடுத்த வாரத்துக்குள்ள ஒருநாள் வந்து உக்காந்து சாப்பிட்டுப் பாக்கறேன்."

பீட்சாக்காரர் படி இறங்கியது அவருக்கே தெரியவில்லை. கடைக்கு வந்து தடுப்புக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காமல் ஒருமுறை கைதட்டிக்கொண்டார். அந்த ஒரு வெள்ளிக்கிழமை போதும். கடை எழுந்து நின்றுவிடும். வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம், நடந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆசையை வெளியே சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு பயம். சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அந்த இருவர் மீதும் இதற்காகக் கோபம் உண்டு.

சொல்லாததனால் சகலை அடுத்த யோசனையோடு வந்தார்.

"காலிக் கடைக்குள்ள எவன் வருவான்? நாலு பேர் உக்காந்திருந்தாத்தான் அஞ்சாவது ஆள் வருவான். நம்ம ஆளுங்களையே உக்கார வைப்போம். பாக்கறவனுக்குத் தெரியவா போகுது?"

இதைக் கேட்டு மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமனார் ஆயுள் முழுக்க ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். கம்பித் துவாரத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஊர் ஜனம் மொத்தமும். அவர் கையசைத்தால் கவுன்ட்டர் திறக்கும், தலையசைத்தால் மூடும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரிடம் வந்து பல்லிளித்திருக்கிறார்கள். தியேட்டரை இடித்து வணிக வளாகம் கட்டியபிறகு அவருக்குப் போக இடமில்லை. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருப்பார். பேசவே மாட்டார்.

"கூட்டத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க" என்றார் இப்போது. "நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மத்தியானம் ஆனால் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். யார் ஜன்னலோரம், யார் உள்ளே, யார் முதுகைக் காட்டி உட்காருவது என்று மாமனார் வாசலில் நின்று பிரித்துவிட்டார். நேற்று வந்தவர் இன்று வேறு சட்டையில் வர வேண்டும். மெதுவாகத் தின்ன வேண்டும். ஒரு பீட்சாவை வைத்துக்கொண்டு ஒரு மேசை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். மனைவியின் அக்கா தன் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்தார். மாமியார் சாஸ் பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாளிலேயே இவர்களுக்கு நிஜ வாடிக்கையாளர் தோரணை வந்துவிட்டது. "நேத்து மாதிரி இல்ல, இன்னிக்கு உப்புக் கம்மி" என்றார் ஒரு சித்தப்பா. தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதற்குப் பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பீட்சாக்காரருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒரு ஜோடி உள்ளே வந்தது. மறுநாள் அலுவலகப் பையன்கள் வந்து ஒரு மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இரண்டாவது பீட்சாவும் சொன்னார்கள். போகும்போது ஒருவன் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, "அண்ணே, சூப்பர்" என்றான். அன்றைக்குப் பீட்சாக்காரர் தன்னையறியாமல் சீட்டியடித்துக்கொண்டே மாவு பிசைந்தார். அவர் வேலை பின்னால், அடுப்பைப் பார்த்தபடி. முன்னால் நடப்பது அவர் காதில் இரைச்சலாகத்தான் விழும். அந்த இரைச்சல் போதுமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மாமனார் பூரித்துப்போய்த் தடுப்புக்குப் பின்னால் வந்தார். அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் 'ஹவுஸ்ஃபுல்' என்று எழுதி வாசலில் மாட்டியிருந்தார். எழுத்து தியேட்டர் போர்டு மாதிரியே அச்சாக இருந்தது.

"மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் தெரியுமா!"

பீட்சாக்காரரின் கை நின்றது. "திருப்பி அனுப்பினீங்களா? ஏன் மாமா? நம்ம ஆளுங்களை எழுப்பிட்டு இடம் குடுத்திருக்கலாமே?"

மாமனார் பரிதாபப்பட்டுச் சிரித்தார். ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் பேசுகிற சிரிப்பு.

"அங்கதான் நீங்க ஏமாளி. கேட்டவுடனே இடம் குடுத்தா மதிக்க மாட்டான். இல்லன்னு அனுப்பினாத்தான் அடுத்த தடவை நாலு பேரைக் கூட்டிட்டு, முன்னாடியே வந்து நிப்பான். எத்தனை படத்தை நான் இப்படி ஓட்டியிருக்கேன்! முதல் நாள் பாதி சீட்டுக் காலியா இருக்கறப்பவே போர்டை மாட்டியிருக்கேன். மறுநாள் பாத்தா வரிசை தெருமுனை வரைக்கும் நிக்கும்."

படம் பார்க்கிறவருக்கு வேறு வழியில்லை. அதையே பார்க்க மறுநாளும் வந்துதான் ஆக வேண்டும். பசிக்கு அடுத்த தெருவில் சாண்ட்விச் கிடைக்கும். இந்த வித்தியாசம் பீட்சாக்காரருக்கு அந்த நிமிஷமே உறைத்தது. ஆனால் மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாயைத் திறந்தவர் மென்று விழுங்கிவிட்டார். நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அட்டையை மட்டும் மெல்லக் கழற்றி உள்ளே வைத்தார்.

மறுநாளும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிர்வாக அம்மா சொன்ன வாரம் முடிந்தது. அடுத்த வாரமும் பாதி ஓடியது. அவர் வரவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பீட்சாக்காரர் மறுபடி அந்தப் படியேறினார்.

"அம்மா, கடைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தீங்க..."

அந்த அம்மா கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். "வந்தேனே! ரெண்டு தடவை வந்தேன். முதல் தடவை இடமில்லைன்னு வாசல்ல ஒரு பெரியவர் சொல்லிட்டார். சரி, பிஸியான கடை, நல்லதுதானேன்னு மறுநாளும் வந்தேன். ஹவுஸ்ஃபுல்னு போர்டே மாட்டியிருந்தது. ஆபீஸ் விஷயமா ஓனரைப் பாக்கணும்னு சொன்னேன். அவர் இப்ப யாரையும் பாக்க மாட்டார், ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டுத்தான் வரணும்னார் அந்தப் பெரியவர்."

அந்தப் பெரியவர் யார் என்று பீட்சாக்காரர் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இவ்வளவு நெருக்கடியில எங்க ஆர்டரை நீங்க எப்படிச் சமாளிப்பீங்கன்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. சாண்ட்விச் கடையில பேசி எழுதிக் குடுத்துட்டோம். ஒரு வருஷத்துக்கு." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா உங்க வியாபாரம் அமோகமா இருக்கே. நாங்க இல்லன்னா உங்களுக்கு என்ன?"

அதெல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள் அம்மா, என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? "பரவாயில்லைங்க" என்றார். வழக்கம்போல "மன்னிச்சிடுங்க" என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

கடைக்குத் திரும்பும்போது அவருக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு எல்லார் முன்னாலும் கிழவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தார். வாசலில் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றிருந்தார். யாரோ ஓர் இளைஞனிடம் கையை விரித்து, "ஒரு மேசைகூட இல்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு முகம் பத்து வயசு குறைந்திருந்தது. பீட்சாக்காரர் அவரைத் தாண்டி உள்ளே போய், அடுப்பின் முன்னால் சும்மா நின்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போய் அப்பாகிட்டக் கேக்கறேன். என்ன நினைச்சுட்டு இருக்கார் அவர்?"

"வேண்டாம், விடு."

"விடறதா? நம்ம பொழைப்பையே வாசல்ல நின்னு துரத்தி விட்டிருக்கார்!"

"அவருக்குத் தெரியாது. நாமதான் அவர்கிட்டச் சொல்லலையே."

மறுநாள் முதல் சொந்தக்காரர்கள் வர வேண்டாம் என்று பீட்சாக்காரர் சொல்லிவிட்டார். தின்னத்தான் வந்தோம் என்று நினைத்துவிட்டாரா என்று பெரியம்மா கோபித்துக்கொண்டார்; சித்தப்பா பேச்சை நிறுத்தினார். ஆறு மேசையும் பழையபடி காலியாயின. நாள்கணக்கில் இடமில்லை என்று கேட்டுப் பழகிய ஜனம் இப்போது கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை. மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்தது. பீட்சாக்காரர் பழைய மேனேஜருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார் அவர்.

அடுப்பை வெளியூர் பேக்கரிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அதைப் பெயர்த்து எடுக்கிற நாளில் மாமனாரும் வந்து நின்றார். மேற்பார்வை பார்க்கிறாராம். கடையை அடுத்து எடுக்கப் போகிற செல்போன் ரிப்பேர்க்காரர் சுவரை அளந்துகொண்டிருந்தார். மாமனார் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"ராசியான இடம் தம்பி. தைரியமா எடுங்க. இங்க வந்த கூட்டத்தை நான் கண்ணால பாத்திருக்கேன். நின்னுட்டுப் போனவங்க எத்தனை பேர்! என்ன, மாப்பிள்ளைக்குக் கூட்டத்தை ஆளத் தெரியல. நல்லாத்தான் பிசைவார். ஆனா சமர்த்துப் பத்தாது. தாங்க முடியாம மூடறார்."

அந்தக் கூட்டத்தை மேசை மேசையாக உட்கார வைத்தவரே அவர்தான். அதை அவர் எப்போது மறந்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை முதல் நாளே மறந்திருப்பார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி துணியை வீசிவிட்டுத் திரும்பினார். பீட்சாக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, நான் சொல்றது சரிதானே?" என்றார் மாமனார்.

"சரிதான் மாமா."

அடுப்பு வண்டியில் ஏறியது. சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பீட்சாக்காரரும் மனைவியும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மனைவி பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்.

"இன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல? உங்களை ஒண்ணுத்துக்கும் உதவாதவர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியப் போறார். ஏன் சும்மா இருந்தீங்க?"

பீட்சாக்காரர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது.

"அவருக்காவது கூட்டம் வந்துச்சே" என்றார்.